காவிரி: தண்ணீர், மணல், நிலம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடகில் தலைக்காவிரியில் கிளம்பி பூம்புகாரில் கடலைத் தொடும் வரை காவிரியின் நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். 81,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தில் பெய்யும் மழை அதில் வந்து சேர்கிறது. டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) கணக்கு நம்மில் பலருக்கு மனப்பாடம். ஆனால் அந்தத் தண்ணீர் பாறையை என்ன செய்கிறது, மணலை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது, நம் வயலும் ஊரும் எதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று கேட்டால் பதில் சுலபத்தில் கிடைப்பதில்லை. ஆற்றங்கரைக்காரர்களும், ஒகேனக்கல் கல்லணை என்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மணல் என்ற பேச்சு அடிக்கடி வரும். தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினால் காவிரியின் பாதிக் கதைதான் தேறும்.

ஆடியில் எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆற்றில் மட்டும் எப்படி வெள்ளம்?

அது உங்கள் ஊர் மழை இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, குடகிலும் வயநாட்டிலும் கொட்டித் தீர்க்கிறது. குடகுப் பக்கத்துத் தண்ணீர் காவிரியிலும் ஹாரங்கியிலும், வயநாட்டுத் தண்ணீர் கபினியிலும் இறங்குகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது காற்றில் ஈரம் போய் வெறும் வீச்சுதான் மிச்சம். அதனால்தான் இங்கே ஆடிக்காற்றும் புழுதியும், ஆற்றில் புதுப்புனலும் ஒரே நேரத்தில். ஆடிப்பெருக்கு கொண்டாடுவது குடகு மழையின் தயவில்.

டெல்டாவுக்குச் சொந்த மழை அக்டோபருக்கு மேல், வடகிழக்குப் பருவத்தில். ஆக ஆற்றுக்கு வருடத்தில் இரண்டு வெள்ளக்காலம். மேட்டூர் நிரம்பியிருக்கிற நேரத்தில் பவானி, அமராவதிப் பக்கம் வடகிழக்கு மழையும் சேர்ந்துகொண்டால்தான் திருச்சிக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 2005 கடைசியில் அதைப் பார்த்தோம்.

மழை நின்ற பிறகும் மலையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறதே?

மண்ணுக்குள் போன மழைதான் அது. காட்டு மண் பொலபொலப்பாக இருக்கும். அதற்குக் கீழே உளுத்துப்போன பாறை பல மீட்டர் ஆழத்துக்கு இருக்கும். மழைநீர் அதில் இறங்கி, மெல்ல நகர்ந்து, பள்ளத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. அந்தப் பயணத்துக்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். சரிவில் காடு போய்க் கட்டடமும் தார்ச்சாலையும் வந்தால் அதே மழை ஒரே நாளில் ஆற்றுக்கு ஓடிவிடும்: ஜூலையில் வெள்ளம், பிப்ரவரியில் வறட்சி.

இவ்வளவு மெதுவான தண்ணீர் கருங்கல்லை எப்படி அறுக்கும்?

தனியாக அறுக்காது. சுத்தமான தண்ணீரைப் பாறை மேல் எத்தனை காலம் ஓடவிட்டாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. அறுப்பது அதோடு வருகிற கல்லும் மணலும்.

ஒகேனக்கல்லில் தண்ணீர் குறைவாக உள்ள நாளில் பாறை மேல் நடந்து பாருங்கள். வட்ட வட்டமாகக் குழிகள் இருக்கும். சில ஒரு சாண் அகலம், சில ஆளையே விழுங்கும் ஆழம். பார்வைக்கு அசல் ஆட்டுக்கல் குழி, வேலை நடப்பதும் அதே மாதிரிதான். பாறையில் சின்னப் பள்ளம் ஒன்று இருந்தால் தண்ணீர் அங்கே சுழலும். சுழலில் ஒரு கல் மாட்டிக்கொண்டால் அது குழவியாகிவிடும். வெள்ளம் வரும்போதெல்லாம் அது சுற்றும். குழி ஆழமாகும், கல் தேயும். தேய்ந்த கல் போனதும் அடுத்த வெள்ளம் வேறு கல்லைக் கொண்டுவரும். குழிக்குள் கையை விட்டால் வழவழவென்ற உருண்டைக் கற்களும் கொஞ்சம் மணலும் அகப்படும். பக்கத்துப் பக்கத்துக் குழிகள் ஒன்றோடொன்று உடைந்து சேரும்போது பிளவு உண்டாகிறது. பிளவு நீண்டால் பள்ளத்தாக்கு. மேகதாதுவில் அவ்வளவு பெரிய ஆறு குறுகிய பாறை இடுக்குக்குள் நுழைந்து போவதற்கும், பாறையில் ஏற்கெனவே இருந்த விரிசலை இப்படி அறுத்துக்கொண்டே வந்ததுதான் காரணம்.

மைசூர் பீடபூமி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டர். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 790 அடி, அதாவது சுமார் 240 மீட்டர். நடுவே உள்ள இறக்கத்தை ஆறு ஒரே சீராக இறங்கவில்லை. படிப்படியாகக் குதித்து இறங்குகிறது. சிவசமுத்திரத்தில் மட்டும் சுமார் 98 மீட்டர். அந்த வீழ்ச்சியை நம்பித்தான் 1902-லேயே அங்கே நீர்மின் நிலையம் அமைத்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள்.

அருவி ஒரே இடத்தில் நிற்காது என்பதையும் சொல்லிவிடலாம். அடிப்பாறை அரிபட, மேல்விளிம்பு உடைந்து விழ, அருவி மேல்நோக்கிப் பின்வாங்கும். மனித ஆயுளில் தெரியாத வேகம்.

மேட்டூரிலிருந்து தெற்கே வந்த ஆறு பவானி, ஈரோடு பக்கம் ஏன் கிழக்கே திரும்புகிறது?

அங்கே பூமியில் பழைய காயம் ஒன்று இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிழக்கே காவிரியை ஒட்டிப் போகும் ஒரு நீண்ட பட்டையில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பாறைகள் நசுங்கி ஒன்றையொன்று உரசி நகர்ந்திருக்கின்றன. நொறுங்கிய பாறையில் தண்ணீருக்கு வழி சுலபம். கோவைப் பக்கமிருந்து வரும் நொய்யலும் அந்தப் பட்டையில்தான் கிழக்கே ஓடி வந்து காவிரியில் சேர்கிறது.

கரூர் தாண்டியதும் அகண்ட காவிரி ஆகிவிடுகிறதே, தண்ணீர் கூடிவிட்டதா?

அமராவதி சேர்வதால் கொஞ்சம் கூடுகிறதுதான். ஆனால் அகலத்துக்குக் காரணம் அது இல்லை. மலையை விட்டு வெளியே வந்த ஆற்றுக்கு இங்கே சாய்வு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. வேகம் குறைந்தால் சுமக்கும் பலமும் குறையும். கல்லை முதலில் போடும், அப்புறம் பெருமணலை, அப்புறம் குறுமணலை. போட்ட மணலே வழியை அடைக்கும். தண்ணீர் பக்கவாட்டில் ஒதுங்கும். கரை மணலாக இருப்பதால் அதுவும் சரிந்து கொடுக்கும். மாயனூரில் ஆறு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து கிடப்பது இப்படித்தான். நடுவே திட்டு, திட்டின் இரண்டு பக்கமும் ஓடுகால், அடுத்த வெள்ளத்தில் திட்டு வேறு இடத்தில். சின்ன வயதில் குளித்த இடத்தைப் பெரியவர்கள் கைகாட்டினால் அங்கே இப்போது நாணல் நிற்கும்.

முக்கொம்பில் ஆறு ஏன் இரண்டாகப் பிரிகிறது?

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி தெற்கேயும் கொள்ளிடம் வடக்கேயும் பிரிந்து, நடுவில் ஸ்ரீரங்கம் தீவாகிறது. டெல்டா ஆறுகளில் இது சகஜம்: ஒரு கால் மணலால் மேடேறினால் வெள்ளம் பள்ளமான இன்னொரு வழியைத் தேடிப் போகும்.

சிக்கல் என்னவென்றால் கொள்ளிடத்தின் படுகை காவிரியை விடத் தாழ்வு. கடலுக்கும் அது குறுக்குவழி. தாழ்வான பக்கம் தண்ணீர் அதிகம் போகும், அதிகம் போவதால் அது இன்னும் அரித்து ஆழமாகும், காவிரிப் பக்கம் வேகம் குறைந்து இன்னும் மேடேறும். ஆற்றை அதன் போக்கில் விட்டிருந்தால் காவிரிக் கால் தூர்ந்தே போயிருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர் அந்த நிலைமைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. 1836 முதல் 1838 வரை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டியது அதைத் தடுக்கத்தான்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அணை கட்டியதும் ஆறு எதிர்ப்பக்கம் சாய ஆரம்பித்தது. காவிரிக்குத் தண்ணீர் அதிகமாகப் போய்ப் படுகையை அரிக்க, இப்போது காவிரியைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு போட்டார்கள். ஆற்றில் ஒரு கல்லை வைத்தால் அது எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்க்கவில்லை.

கல்லணை எதற்கு? அதுவும் ஆற்றை மறிக்கும் அணைதானா?

பலர் நினைக்கிற மாதிரி தண்ணீரைத் தேக்கும் அணை இல்லை. ஸ்ரீரங்கம் தீவு முடியும் இடத்தில் காவிரியும் கொள்ளிடமும் மறுபடி மிக நெருங்கி வருகின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ளாறு என்ற பிளவு இருந்தது. மேட்டில் ஓடும் காவிரி, அந்தப் பிளவு வழியாகப் பள்ளத்தில் ஓடும் கொள்ளிடத்துக்குள் விழுந்துவிடப் பார்க்கும். விழுந்தால் தஞ்சைக்குத் தண்ணீர் இல்லை. பிளவின் குறுக்கே கல்லைப் போட்டு அடைத்து, காவிரியைத் தெற்கே தக்கவைத்ததுதான் கல்லணை. வெள்ளம் அளவு மீறினால் மேலே வழிந்து கொள்ளிடத்துக்குப் போய்விடலாம்.

கரிகாலன் கட்டியதாக மரபு. பழைய கட்டு 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம் என்பார்கள். நேர்கோடாக இல்லாமல் வளைந்து போகும். அடியில் பாறை கிடையாது, ஆழம் தெரியாத மணல்தான். பெரிய கல்லை மணல் மேல் போட்டால், சுற்றி ஓடும் தண்ணீர் கல்லின் அடி மணலை அரிக்கும். கல் கீழே இறங்கும். அதன் மேல் இன்னொரு கல், அதுவும் இறங்கும். எங்கே அரிப்பு நிற்கிறதோ அங்கே கல்லும் நிலைக்கும். மணல் மேல் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றோம் என்று காட்டனே எழுதிவைத்திருக்கிறார். 1804-ல் கேப்டன் கால்டுவெல் பழுதுபார்த்து உயர்த்தியதிலிருந்து இன்று வரை மேலே சேர்ந்தவை நிறைய. இன்று நாம் பார்க்கிற பாலமும் மதகுகளும் பிற்காலத்தவை.

எங்கள் ஊரில் ஆறு வயலைவிட உயரத்தில் ஓடுகிறது. ஆறு பள்ளத்தில்தானே இருக்க வேண்டும்?

மலையில் அப்படி. டெல்டாவில் தலைகீழ்.

கரை புரளும் வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள் வேகமாக வந்த தண்ணீர் கரையைத் தாண்டியதும் சட்டென்று பரவி மெதுவாகிறது. கனமான மணல் கரையோரமே விழுந்துவிடும். அதைவிடப் பொடியான வண்டல் கொஞ்ச தூரம் போகும். களிமண் துகள் தேங்கிய நீரில் நாள்கணக்கில் மிதந்து, கடைசியில் தூரத்துப் பள்ளத்தில் படியும். நூற்றுக்கணக்கான வெள்ளங்கள் இப்படி வந்து போனால் கரையோரம் ஒரு மேடு வளரும், ஆற்றின் அடியும் மணலால் உயரும். ஒரு கட்டத்தில் ஆறு தானே கட்டிய மேட்டின் முதுகில் ஓடும். அப்புறம் பெருவெள்ளத்தில் ஏதாவது ஓரிடத்தில் கரை உடைந்து பள்ளத்தில் புதுக்கால் ஒன்று பிறக்கும். குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று நீளும் கிளைகளில் பலவற்றின் பூர்வகதை இப்படித்தான் இருக்க வேண்டும். ஆற்றின் வேலையை மனிதர்கள் பின்னால் வெட்டியும் நேராக்கியும் கரை போட்டும் தங்கள் வசதிக்குத் திருப்பிக்கொண்டார்கள். எது ஆறு போட்ட கால், எது ஆள் வெட்டிய கால் என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்வது சில இடங்களில் நடக்காத காரியம்.

பம்பு இல்லாத காலத்திலேயே இத்தனை லட்சம் ஏக்கர் பாசனம் நடந்ததன் ரகசியமும் இந்த மேடுதான். மேட்டில் ஓடும் ஆற்றில் மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். இரண்டு ஆற்று மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வடிகால். ஒரே கிராமத்தில் ஆற்றோரப் படுகையில் வாழையும் வெற்றிலையும், உள்ளே தள்ளிக் களிமண்ணில் நெல்லும் இருப்பதற்கும் காரணம் அதுவே: எந்தத் துகள் எங்கே விழுந்தது என்பதைப் பயிரே காட்டிக்கொடுக்கும்.

சாய்வு எவ்வளவு குறைவு தெரியுமா? கும்பகோணம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 25 மீட்டர்தான். அங்கிருந்து கடல் 50 கிலோமீட்டருக்கும் மேல். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் இறக்கத்தில்தான் அத்தனை ஆறும் அத்தனை வாய்க்காலும் ஓடியாக வேண்டும். அதனால் ஒரு வாய்க்காலில் ஒரு முழம் வண்டல் ஏறினாலும் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு, தண்ணீர் நின்றுவிடும். தூர்வாருவதை ஏதோ சம்பிரதாயமாக கரையோரம் மட்டும் சுரண்டிவிட்டுப் போனால் அந்த வருடமே குட்டு வெளிப்படும்.

தலக்காடு கோயில்கள் மணலில் புதைந்தது சாபத்தாலா?

கர்நாடகத்தில் காவிரிக்கரையில் உள்ள தலக்காட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் மணலுக்கு அடியில் என்பார்கள். பஞ்சலிங்க தரிசனத்துக்காக மணலை அள்ளி வழி செய்வது வழக்கம். தலக்காடு மணலாகட்டும், பக்கத்து ஊரான மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா சபித்துவிட்டு ஆற்றில் குதித்ததாகக் கதை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

கதையைக் கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும். நிலவியல் வேறு வழியில் போகிறது. தலக்காடு காவிரியின் ஒரு பெரிய வளைவில் இருக்கிறது. வளைவில் தண்ணீர் வெளிக்கரையை மோதி அரித்து மடுவாக்கும். உட்கரையில் மெதுவாகி மணலைப் போடும். அதற்கு மேற்கே 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகர அமைச்சர் மாதவ மந்திரி கட்டியதாகச் சொல்லப்படும் அணை ஒன்று இருக்கிறது. அணை வந்து நீரோட்டம் குறைந்ததும், முன்பு தண்ணீரில் மூழ்கிக் கிடந்த மணல் வெயிலில் காய ஆரம்பித்தது. மேற்கிலிருந்து அடிக்கும் பருவக்காற்று காய்ந்த மணலைத் தூக்கி ஊருக்குள் கொட்டியது. அணை, மணல், காற்று மூன்றும் சேர்ந்து செய்த வேலை என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஒரே ஆற்றுவளைவில் ஒரு பக்கம் மணலும் ஒரு பக்கம் மடுவும் உண்டாகும் என்பதைச் சாபத்தை உருவாக்கியவர் நன்றாகவே கவனித்திருக்கிறார்.

அணை தண்ணீரைத்தானே பிடிக்கிறது, மணலுக்கு என்ன ஆகும்?

அதையும் பிடித்துவிடும். 1934-ல் முடிந்த மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஓடிவரும் ஆறு அந்தப் பெரிய நீர்ப்பரப்பில் நுழைந்ததும் நின்றுவிடுகிறது. சுமந்து வந்ததெல்லாம் அடியில் உட்காருகிறது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். அதைப் பார்க்கக் கூட்டம் கூடும். நந்தியோடு சேர்த்துச் சுற்றி வெடித்துக் கிடக்கும் வண்டலையும் பார்க்கலாம். டெல்டாவுக்கு வந்திருக்க வேண்டிய மண் அது. 2017-ல் அங்கே வண்டல் எடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

அணைக்குக் கீழே விடப்படும் தண்ணீர் தெளிவாக இருக்கும். சுமை இல்லாத தண்ணீருக்குச் சுமக்கும் பலம் முழுசாக மிச்சம் இருக்கிறது, அதனால் கீழே உள்ள படுகையை அரிக்கத் தொடங்கும். மேலிருந்து புது மணல் வராது. இருக்கிற மணலும் நகர்ந்துபோகும். இந்த நிலைமையில் லாரி லாரியாக மணலையும் அள்ளினால் என்ன ஆகும் என்பதற்குக் கொள்ளிடத்தைப் பார்த்தால் போதும். படுகை இறங்கிவிட்டால் வாய்க்கால் தலைப்பு மேலேயே நின்றுவிடும், ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் மதகுக்கு எட்டாது. கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் ஆற்றோடு சேர்ந்து இறங்கும். பாலத்தின் தூண்களுக்கு அடியில் பிடிப்பு போகும்.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவில் தண்ணீர் வந்தபோது திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப்பாலம் ஒரு பகுதி இடிந்தது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. கட்டுமானத்தின் வயது காரணமா, மணல் எடுப்பு காரணமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டும் சேர்ந்துதான் என்பது என் கட்சி.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் கடைமடைக்கு வர ஏன் அவ்வளவு நாள்?

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள். அதற்கு அப்புறம்தான் டெல்டா. தாமதத்துக்கு முதல் காரணம் காய்ந்த மணலின் தாகம்.

முதல் தண்ணீர் வருவதை ஒரு தடவை கிட்ட நின்று பாருங்கள். அலையாக எல்லாம் வராது. அழுக்கு நுரை, சருகு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் முன்னே தள்ளிக்கொண்டு ஒரு நாக்கு நீளும். ஆள் நடக்கும் வேகம்கூட இருக்காது. முனையில் மணலுக்குள்ளிருந்து காற்று குமிழ்விட்டு வெளியே வரும், சின்னதாய் ஒரு சத்தம்கூடக் கேட்கும். நாக்கு நின்றுவிடும்; பின்னால் வருவது நிரம்பினால்தான் அடுத்த அடி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. 500 மீட்டர் அகல ஆற்றில் ஒரு மீட்டர் ஆழம் மணல் காய்ந்திருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டரும் சுமார் 60 லட்சம் கன அடி குடிக்கும். விநாடிக்கு 10,000 கன அடி திறந்திருந்தால் அது பத்து நிமிட வரத்து. 60 கிலோமீட்டருக்குப் பத்து மணி நேர வரத்து மணலுக்கே போய்விடும். போனது போனதுதான் என்று நினைக்க வேண்டாம். அதுதான் கரையோர ஊர்களின் கிணற்றிலும் கைப்பம்பிலும் வருகிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 177.25 டி.எம்.சி. என்று குறைத்தபோது டெல்டாவில் உள்ள நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் நினைவிருக்கலாம். ஆற்றில் நீர் ஓடாமல் அந்த நிலத்தடி நீர் எங்கிருந்து ஊறும் என்பது டெல்டாக்காரர்களின் நியாயமான கேள்வி.

வெள்ளத் தண்ணீர் கடலுக்குப் போவது வீண்தானே?

முழுக்க வீண் இல்லை என்று சொன்னால் எங்கள் ஊரிலேயே அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன்.

ஒரு விநாடிக்கு 2 லட்சம் கன அடி ஓடினால் ஒரு நாளைக்கு 17 டி.எம்.சி. வெறும் மேட்டூரே ஐந்தரை நாளில் நிரம்பிவிடும் அளவு. அதைப் பிடித்துவைக்க ஏரி குளம் தூர்ந்து கிடக்கிறது, கொள்ளிடத்தில் பெருவெள்ளம் போகும் அதே வாரம் கடைமடை வயல் காய்கிறது என்ற ஆத்திரம் நியாயம். கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகும் தண்ணீர் மாதிரி இன்னும் நிறையத் திருப்பிவிட முடியும்.

ஆனால் ஆறு கடலைத் தொடவே கூடாது என்று நினைப்பதும் தப்பு. கடலோரத்தில் அலை மணலை இழுத்து வந்து முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். அதை உடைத்துத் திறப்பது வெள்ளம். வெள்ளம் இல்லையென்றால் முகத்துவாரம் மூடும், படகு போகாது, அடுத்த மழையில் வடிகால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வயலுக்கே திரும்பும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காடுகள் நிற்பதற்கு ஆற்று நீரும் கடல் நீரும் கலக்க வேண்டும். கடற்கரைக்கு மணல் வருவதும் இந்த வழியில்தான். ஆறு கொடுப்பது நின்றால் கடல் எடுப்பது மட்டும் தொடரும்.

பூம்புகாரைக் கடல் விழுங்கியது உண்மையா?

கரை நகர்ந்திருக்கிறது என்பது உண்மை. தேசியக் கடலியல் நிறுவனம் பூம்புகார்ப் பக்கம் தேடியபோது இன்று அலை வந்து போகும் இடத்திலேயே செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் கிடைத்தன. குடிதண்ணீர்க் கிணற்றை யாரும் கடலுக்குள் போய்த் தோண்ட மாட்டார்கள். ஆனால் ஒரே இரவில் ஊர் மூழ்கியது என்பதற்கு அது போதாது. கரையோரம் அரித்துக்கொண்டே வருவதும் அதே விளைவைத்தான் தரும். தெற்கே கோடியக்கரைப் பக்கமோ கதை வேறு. அங்கே வேதாரண்யம் வரை வரிசை வரிசையாக மணல்மேடுகள். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்த இடம். சில ஆயிரம் ஆண்டுகளில் அங்கே நிலம் கடலை நோக்கி வளர்ந்திருக்கிறது. ஒரே டெல்டாவின் ஒரு மூலை தேய்கிறது, ஒரு மூலை வளர்கிறது.

எங்கள் போர்வெல் உப்பு. வேதாரண்யத்தில் கடலை ஒட்டின மணல்மேட்டில் மட்டும் எப்படி நல்ல தண்ணீர்?

மேட்டில் விழும் மழை மணலில் நேராக இறங்கி, கீழே உள்ள உப்புத்தண்ணீர் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் லேசு, கடல் தண்ணீர் கனம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. இதையே திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு மீட்டர் இறைத்துவிட்டால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறி வரும். அதனால் மணல்மேட்டில் ஆழமில்லாத குட்டையோ கிணறோதான் சரி. நல்ல தண்ணீர் கிடைக்கவில்லையே என்று இன்னும் ஆழமாகத் துளை போடுவது, நேரே உப்பிடம் போய் நிற்கிற வேலை.

இதையெல்லாம் நேரில் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

பாறைக் குழிகளுக்கு ஒகேனக்கல், மார்ச் முதல் மே வரை, தண்ணீர் குறைந்திருக்கும்போது. பரிசலில் உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் ஏறாதீர்கள், வரத்து கூடியதாக அறிவித்தால் திரும்பிவிடுங்கள். அகண்ட காவிரிக்கு மாயனூர்க் கதவணை. முக்கொம்பும் கல்லணையும் ஒரே நாளில் முடியும். கல்லணைப் பாலத்தின் நடுவே நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் காவிரிப் பக்கம் மேடு, கொள்ளிடப் பக்கம் பள்ளம் என்பது கண்ணுக்கே தெரியும். ஆறு வயலைவிட உயரம் என்பதைப் பார்க்க எங்கும் தேடிப் போக வேண்டாம், திருவையாற்றிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். மணல் அள்ளிய இடங்களில் மட்டும் இறங்கிக் குளிக்காதீர்கள். மேலே முழங்கால் தண்ணீர் மாதிரி தெரியும், அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம் இருக்கும்.